ஒரே பக்கத்தில் ஒரு விளையாட்டு

போலீஸ்-திருடன் விளையாட்டில் எல்லா ஊரிலும் ஒரே சண்டைதான் வரும். "டிஷ்யூம்! சுட்டுட்டேன், நீ அவுட்டு!" "இல்ல, எனக்குப் படவே இல்ல, நான் குனிஞ்சுட்டேன்!" இதற்கு மேல் இரண்டே வழி. ஒன்று, கூட்டத்தில் பெரிய பையன் சொல்வதுதான் சட்டம். இல்லையென்றால் ஆட்டம் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்றால் என்ன என்று கேட்டால், இந்தச் சண்டைக்கு மூன்றாவது வழி கண்டுபிடித்த விளையாட்டு என்று சொல்லலாம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே கதை நடத்துகிறார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் நடுவர். கதையில் வரும் ஊர், எதிரி, மழை, பேய் எல்லாம் அவர் பொறுப்பு. "நான் சுவர் ஏறிக் குதிக்கிறேன்" என்கிறார் ஒருவர். குதித்தாரா, விழுந்தாரா? பகடை உருளும். அது சொல்வதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அவ்வளவுதான் விஷயம். கம்ப்யூட்டரில் ஆடும் ஆர்பிஜிக்கள் எல்லாம் இதன் பேரப்பிள்ளைகள்.

இதில் ஆடுவது ஒரு பொழுதுபோக்கு. ஆடுவதற்கான விதிகளைத் தானே எழுதுவது இன்னொரு பொழுதுபோக்கு. அதிலும் முடிந்தவரை குறைந்த விதிகளில், முடிந்தால் ஒரே தாளில், ஒரு முழு விளையாட்டை எழுதிவிட வேண்டும் என்று கிளம்பியவர்கள் ஒரு தனிக்கூட்டம். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

384 பக்கமும் 1 பக்கமும்

எல்லாம் ஆரம்பித்தது 1974இல். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சின்ன ஊர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் சேர்ந்து எழுதிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியானது. ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சின்னப் புத்தகங்கள். விலை 10 டாலர். முதல் பதிப்பு 1,000 பிரதிகள்.

மூன்று சின்னப் புத்தகங்கள் சும்மா இருக்குமா? "கத்தியால் குத்தினால் இவ்வளவு, கோடாரியால் வெட்டினால் எவ்வளவு?" "குதிரையில் போனால்?" "தண்ணீருக்குள் சண்டை போட்டால்?" கேள்வி வர வர விதி வளர்ந்தது. 1977 முதல் 1979க்குள் மூன்று கெட்டி அட்டைப் புத்தகங்கள் வந்துவிட்டன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஆட்டக்காரர்களுக்கான கையேடு மட்டும் 320 பக்கம். 2024இல் வந்த புதிய கையேடு 384 பக்கம். நடுவருக்கான புத்தகமும், பூதங்களுக்கான புத்தகமும் தனி!

இதைப் பார்த்து மிரண்டவர்கள் முதல் நாளிலிருந்தே உண்டு. அரிசோனாவைச் சேர்ந்த கென் செயின்ட் ஆண்ட்ரே அந்த 1974 விதிகளைப் படித்தார், தலை சுற்றியது. தானே இன்னொன்று எழுதிவிட்டார். 1975இல் வந்த 'டனல்ஸ் அண்ட் டிரால்ஸ்' அதுதான். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று வினோதப் பகடைகளைத் தேடி அலைய வேண்டாம், வீட்டில் கிடக்கும் ஆறுமுகப் பகடை போதும் என்றார். (பரமபதத்தில் உருட்டுவார்களே, அதேதான்.) ஆக, கனமான விதிக்கு எதிரான கலகத்துக்கு வயது அந்த விளையாட்டைவிட ஒன்றுதான் குறைவு.

உண்மையில் கலகம் அதைவிடப் பழையது. 1824இல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர்ப் பயிற்சி விளையாட்டைக் கொடுத்தார். வரைபடம், காய்கள், பகடை, எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்க்க அட்டவணை எல்லாம் உண்டு. அட்டவணையைப் புரட்டியே பொழுது போகிறது என்று அதிகாரிகள் அலுத்துக்கொண்டார்கள். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, "அனுபவமுள்ள நடுவர் ஒருவர் இருக்கும்போது அட்டவணை எதற்கு?" என்ற வழியில் போனார். விதிகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு முடிவை நடுவர் கையில் கொடுத்தார். இன்றைக்கு ரோல்பிளேயிங் உலகத்தில் நடக்கும் வாதம் முழுக்க அந்த இரண்டு பேர் வாதம்தான். உடுப்புதான் மாறியிருக்கிறது.

சின்ன விதி, பெரிய வேலை

குறைந்த விதி என்றால் அரைகுறை விதி என்று நினைத்துவிடக்கூடாது. மூன்று உதாரணங்கள் போதும்.

முதலாவது 'ரைசஸ்'. 1990களில் எஸ். ஜான் ராஸ் எழுதி இலவசமாகக் கொடுத்தது. சில பக்கங்களில் முடிந்துவிடும். பலம், புத்தி, வேகம் என்று அளவெல்லாம் கிடையாது. உங்கள் பாத்திரம் எந்தெந்த மாதிரி ஆள் என்று எழுதி, மொத்தம் பத்துப் பகடையை அவற்றுக்குப் பங்கிட வேண்டும். "ஓய்வுபெற்ற கடற்கொள்ளைக்காரன் 4, கறாரான சமையல்காரன் 3, காதலில் தோற்றவன் 3." முடிந்தது, ஆள் தயார். சண்டையில் தோற்கத் தோற்க அந்தப் பகடை ஒவ்வொன்றாகக் குறையும். வாள் சண்டை, பாட்டுப் போட்டி, கோர்ட் வழக்கு, எல்லாவற்றுக்கும் இதே விதி.

இரண்டாவது, 2013இல் ஜான் ஹார்ப்பர் எழுதிய 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்'. விண்வெளிக் கப்பல் கதை. மொத்தமே ஒரு பக்கம். உங்களுக்கு ஒரே ஒரு எண், 2 முதல் 5 வரை ஏதாவது ஒன்று. அறிவை வைத்துச் செய்யும் காரியம் என்றால் பகடையில் அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும். மனசை வைத்துச் செய்யும் காரியம் என்றால் அதற்கு மேலே விழ வேண்டும். சரியாக அந்த எண்ணே விழுந்தால் நடுவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம், அவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். 5 எடுத்தவன் இயந்திரத்தில் கில்லாடி, மனிதர்களிடம் மண்டு. 2 எடுத்தவன் தலைகீழ். ஒன்றில் ஏறினால் மற்றதில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஒரே எண்ணுக்குள் ஒரு மனிதனின் குணத்தை அடக்கியது சாதாரண வேலை இல்லை.

அதே பக்கத்தில் இன்னொரு புத்திசாலித்தனம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. கப்பலின் கேப்டன் ஏதோ ஒரு விசித்திர சக்தியால் தாக்கப்பட்டு மருத்துவப் பெட்டிக்குள் கிடக்கிறார். இது ஏதோ கதைச் சுவைக்காக எழுதிய வரி போலத் தெரியும். ஆனால் கேப்டன் நடமாடிக்கொண்டிருந்தால் ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? "கேப்டன், இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவரைப் படுக்க வைத்தாகிவிட்டது. இனி இவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு வரிக் கதை ஒரு பக்க விதியின் வேலையைச் செய்துவிட்டது.

மூன்றாவது, 2017இல் கிராண்ட் ஹோவிட் எழுதிய 'ஹனி ஹைஸ்ட்'. ஆட்டக்காரர்கள் எல்லோரும் கரடிகள். தேன் திருடப் போகிறார்கள். (சிரிக்காதீர்கள், தொப்பி போட்ட கரடிகள். என்ன தொப்பி என்று பார்க்கவே தனிப் பட்டியல் இருக்கிறது.) 'கரடி' 3, 'திருடன்' 3 என்று இரண்டே அளவு. திட்டம் சொதப்பி எரிச்சல் வந்தால் ஒரு புள்ளி திருடனிலிருந்து கரடிக்குப் போகும். திட்டம் பலித்தால் பேராசையில் கரடியிலிருந்து திருடனுக்குப் போகும். எது 6ஐத் தொட்டாலும் உங்கள் கதை முடிந்தது. ஒன்று, வெறும் காட்டுக் கரடியாகிவிடுவீர்கள். இல்லையென்றால் நண்பர்களைக் கைவிட்டு முழுநேரத் திருடனாகிவிடுவீர்கள். தோல்வி மட்டுமில்லை, வெற்றியும் ஆளைக் கவிழ்க்கும். இதைச் சொல்ல ஹோவிட்டுக்கு இரண்டு எண்தான் தேவைப்பட்டது.

ஒன்று செய்து பார்க்கலாமே

இதைப் படிக்கும் எவரும் இன்று ராத்திரியே ஒன்றை எழுதலாம். அதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் ருசி. ஆனால் எழுதுவது எப்படித் தடுக்கி விழும் என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. ஒரு உதாரணம்.

மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு கப்பல். ஆட்டக்காரர்கள் அதன் சமையல்காரர்கள். மேலே விருந்து நடக்கிறது, யாருக்கும் விஷயம் தெரியாது. ஐந்து வகை பரிமாறியாக வேண்டும்.

புதிதாக எழுதுபவர் முதலில் செய்வது பலம், வேகம், அறிவு, அழகு என்று ஆறு அளவை எழுதுவது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஆறு இருந்ததே! ஆனால் இந்தக் கதையில் அழகு எதற்கு? கதை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வேலையை முடிப்பதா, தண்ணீரை அடைப்பதா? அதனால் ஆறு அளவையும் அடித்துவிட்டு இப்படி ஒரு விதி எழுதலாம்.

ஒவ்வொரு முறையும் இரண்டு பகடை உருட்டுங்கள். ஒன்றைச் சமையலுக்கும் மற்றதைத் தண்ணீருக்கும் வையுங்கள். எதை எதற்கு வைப்பது என்பது உங்கள் இஷ்டம். சமையல் பகடை 4 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு வகை தயார். தண்ணீர்ப் பகடை 3 அல்லது அதற்குக் கீழ் என்றால் தண்ணீர் ஒரு கோடு ஏறும். ஐந்து கோடு ஏறினால் கப்பல் போச்சு.

கணக்குப் போட்டால், 36 வாய்ப்பில் 9 முறை இரண்டும் நல்லது. 9 முறை இரண்டும் மோசம். மீதி 18 முறை ஒன்று நல்லது, ஒன்று மோசம். அதாவது பாதி நேரம் ஆட்டக்காரர் மனம் வலிக்க ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரமாதம் என்று தோன்றுகிறதா?

இன்னும் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அந்த 18இல் சமையலைத் தேர்ந்தெடுத்தால் உணவு ஒன்று ஏறுகிறது, தண்ணீரும் ஒன்று ஏறுகிறது. தண்ணீரை அடைக்கத் தேர்ந்தெடுத்தால் உணவும் ஏறவில்லை, தண்ணீரும் ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எந்தப் பக்கம் போனாலும் அப்படியே இருக்கிறது! ஆட்டம் சீக்கிரம் முடியுமா, இழுக்குமா என்பதுதான் வித்தியாசம். யார் முந்துகிறார்கள் என்பதை முழுக்க அதிர்ஷ்டமே தீர்மானிக்கிறது. மனம் வலிக்கத் தேர்ந்தெடுத்ததெல்லாம் வெறும் பாவனை.

அனுபவம் இல்லாதவர் இங்கே புதிதாக நாலு விதி சேர்ப்பார். கயிறு, வாளி, பம்ப், அதற்கெல்லாம் கூட்டல் கழித்தல். ஒரு பக்கம் மூன்று பக்கமாகும். அனுபவசாலி வேறு ஒன்று செய்வார். ஐந்து கோட்டுக்கும் பெயர் வைப்பார். முதல் கோடு, மளிகை அறை. இரண்டாவது, வேலையாட்கள் தூங்கும் அறை, அவர்கள் சேர்த்து வைத்த பணம் அங்கேதான். மூன்றாவது, ஒரு சமையல்காரர் தன் தம்பியை ஒளித்துக் கூட்டிவந்திருக்கும் மூலை. இப்போது பகடையில் ஒரு 5ம் ஒரு 2ம் விழட்டும். எங்கே வைப்பீர்கள்? எண்ணிக்கையில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் மேசையில் யாரும் உடனே கை நீட்ட மாட்டார்கள். எண்ணில் வராத கனம் பெயரில் வந்துவிட்டது. குறைந்த விதி விளையாட்டு எழுதுவதில் பாதி வேலை இதுதான்: எங்கே எண் தேவை, எங்கே ஒரு பெயர் போதும் என்று பிரித்துப் பார்ப்பது.

வாயைத் திறக்காமல் உட்கார்வது

எழுதியாகிவிட்டது. அடுத்தது சோதனை. நண்பர்களை வைத்து ஆடிப் பார்ப்பது ஒரு சோதனையே இல்லை. எழுதியவர் பக்கத்திலேயே இருக்கிறார், தாளில் இல்லாததையெல்லாம் வாயால் சொல்லிவிடுவார். "அது அப்படி இல்லடா, இப்ப நீ இன்னொரு தடவை உருட்டலாம்." தாளில் எங்கே எழுதியிருக்கிறது? எங்கேயும் இல்லை.

சரியான சோதனை, தாளை முன்பின் தெரியாத நாலு பேரிடம் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்ப்பது. அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டு ஆடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்தால் தப்பு அவர்களுடையது இல்லை, தாளுடையது. சில சமயம் அந்தத் தப்பே மூல விதியைவிட நன்றாக இருக்கும். அப்போது அதையே விதியாக எழுதிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

காசு? பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ரைசஸ் இலவசம். லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் இலவசம். அதையே மாற்றி எழுதிய பிள்ளை விளையாட்டுகள் ஏராளம், ஹார்ப்பர் அதற்கு உரிமமும் கொடுத்திருக்கிறார். அமெரிக்கச் சட்டப்படி விளையாட்டை ஆடும் முறைக்குக் காப்புரிமை கிடையாது, அதை விவரிக்கும் எழுத்துக்குத்தான் உண்டு. அதனால் ஒருவர் கண்டுபிடித்த பகடை முறையை இன்னொருவர் எடுத்துத் தன் கதையில் வைப்பது இங்கே திருட்டு இல்லை, வழக்கம். நாகரிகமாக மூலவர் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

கனமான விதிக்காரர்களும் லேசான விதிக்காரர்களும் இரண்டு ஜாதி என்று நினைப்பதும் தவறு. 1992இல் 'ஓவர் தி எட்ஜ்' என்ற லேசான விளையாட்டை எழுதிய ஜொனாதன் ட்வீட்தான் 2000இல் வந்த கனமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பின் முதன்மை வடிவமைப்பாளர். ஒரு பக்க ஜான் ஹார்ப்பரும் பிறகு 'பிளேட்ஸ் இன் தி டார்க்' என்று முழுப் புத்தகமே எழுதினார். கதைக்கு எவ்வளவு விதி வேண்டுமோ அவ்வளவு என்பதுதான் அவர்கள் கணக்கு.

அடித்த வரி யாருடையது?

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு சங்கடமான கேள்வியையும் கேட்டாக வேண்டும். விதி குறைந்தால் சுமை குறைந்துவிடுகிறதா?

இல்லை. தாளில் இருந்த சுமை மனிதர்கள் தோளுக்கு மாறுகிறது. "எதிரியைப் பேசி மடக்க இரண்டு பகடை உருட்டி 10 எடுக்க வேண்டும்" என்று ஒரு விதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஒரு வாயாடி, ஒரு கூச்ச சுபாவி. இருவருக்கும் 36இல் 6 வாய்ப்பு, சரிசமம். இப்போது அந்த விதியை அடித்துவிட்டு "ஆட்டக்காரர் நன்றாகப் பேசினால் நடுவர் ஒப்புக்கொள்வார்" என்று எழுதுங்கள். வரி சுருங்கிவிட்டது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் இனி ஒவ்வொரு முறையும் வாயாடிதான் ஜெயிப்பான். நடுவரின் நெருங்கிய நண்பன் ஜெயிப்பான். நிஜ வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் பேச வராத ஒருத்தி, கதையிலாவது பேச்சில் வல்லவளாக இருந்து பார்க்கலாம் என்று வந்திருப்பாள். பகடைதான் அவளுக்கு நாக்கு. அதைப் பிடுங்கிவிட்டு "சுதந்திரமாக ஆடு" என்றால் என்ன அர்த்தம்? மறுபடியும் பெரிய பையன் சொல்வதுதான் சட்டம்.

இதனால்தான் சில விதிகள் எவ்வளவு சின்ன விளையாட்டிலும் அடிபடாமல் நிற்கின்றன. 2013இல் ஜான் ஸ்டாவ்ரொபூலோஸ் என்பவர் எழுதிப் பரவிய 'எக்ஸ் கார்டு' அப்படிப்பட்டது. ஒரு சின்ன அட்டையில் பெருக்கல் குறி போட்டு மேசை நடுவில் வைத்துவிடுவார்கள். கதை யாருக்காவது தாங்க முடியாத இடத்துக்குப் போனால் அவர் அதைத் தொட்டால் போதும். அந்தப் பகுதி நீங்கிவிடும். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது, அவரும் விளக்கத் தேவையில்லை. பகடையும் இல்லை, கணக்கும் இல்லை. சத்தமாகப் பேசத் தெரியாதவருக்கும் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் கொடுக்கிற விதி.

ஆகவே ஒரு பக்கத்தில் அடக்க வேண்டும் என்று பேனாவை எடுத்து வரிகளை அடிக்கத் தொடங்குபவர் ஒவ்வொரு வரியிலும் நின்று இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இந்த வரி இல்லாவிட்டால் ஆட்டம் நடக்குமா? நடக்கும் என்றால், யாருக்கு நடக்கும்? முதல் கேள்விக்குப் பதில் சுலபம், இரண்டு நண்பர்களை உட்கார வைத்தால் அரை மணியில் தெரிந்துவிடும். இரண்டாவதற்கு, மேசையில் இதுவரை வாயே திறக்காத ஆள் யாரென்று பார்க்க வேண்டும். அடுத்த ஆட்டத்தில் தாளை முதலில் அவர் கையில் கொடுத்துப் பார்க்கலாம்.